மண்புழுத் தொட்டி நாறுகிறதா? போடும் அளவைப் பாருங்கள்

சமையலறைக் கழிவை உரமாக்கும் வீட்டு மண்புழுத் தொட்டி நாற்றமடித்தால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: புழு தின்பதைவிட நாம் போடுவது அதிகம். முன்பு போட்டது மக்கிக் கரைந்த பிறகே அடுத்த பிடி போடுங்கள். காய்கறித் தோல், வாழைப்பழத் தோல், கீரைத் தண்டு, டீத்தூள் எல்லாம் சரி. டீத்தூளில் சர்க்கரை இருந்தால் மட்டும் அலசிவிடுங்கள், எறும்பு வந்துவிடும். மேலாகக் கொட்டாமல் ஒரு மூலையில் புதைத்து, தென்னை நார்க்கழிவால் மூடினால் ஈ மொய்க்காது. அடுத்த முறை வேறு மூலை. எலுமிச்சைத் தோல், வெங்காயம், மிச்சக் குழம்பு, மீன், கறி வேண்டவே வேண்டாம். புதுச் சாணமும் கூடாது. சூடேறிப் புழு செத்துவிடும். 10, 15 நாள் ஆறவிட்டுப் போடலாம்.

அப்புறம் ஈரம். இதில்தான் பலருக்கும் தொட்டி கெட்டுப்போகிறது. ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு கசிந்தால் அதுதான் பதம். தண்ணீர் ஒழுகினால் செய்தித்தாளைக் கிழித்துப் போட்டு லேசாகக் கிளறிவிடுங்கள். உதிர்ந்தால் கொஞ்சம் தெளியுங்கள். கோடையில் தொட்டியை நிழலுக்கு மாற்றி ஈரச் சாக்கு போர்த்த மறக்காதீர்கள், 35 டிகிரிக்கு மேல் சூடு ஏறினால் புழு தாங்காது.