கோர்ட் ஷூவுக்குப் பேட்டர்ன் எடுக்கும் முறை

பெண்களுக்கான உயர்விலை ஷூக்களில் பிழையை மறைக்கவே முடியாதது கோர்ட் ஷூ. லேஸ் கிடையாது, பக்கிள் கிடையாது, ஸ்ட்ராப் கிடையாது. காலைப் பிடித்து நிறுத்துவது டாப்லைன், அதாவது ஷூவின் வாய் விளிம்பு மட்டும்தான். காகிதத்தில் எவ்வளவு அழகாக வரைந்தாலும், அந்தக் கோடு லாஸ்ட் எனும் கால் வடிவ அச்சின்மேல் ஏறிய பிறகுதான் அது டிசைன்.

முதலில் லாஸ்ட். ஐரோப்பிய பிராண்டுகள் பெண்கள் சாம்பிளைப் பெரும்பாலும் 37 அளவில்தான் கேட்கும். 85 மி.மீ. ஹீல் வேண்டுமென்றால் அந்த உயரத்துக்கென்றே செதுக்கிய லாஸ்டை எடுங்கள். 70 மி.மீ. லாஸ்டில் உயரமான ஹீலைப் பொருத்தினால் முனை தரையில் குத்தும், ஹீலின் அடி முழுதாகப் பதியாது. அதைப் பிறகு எந்தத் தையலாலும் சரிசெய்ய முடியாது.

லாஸ்டின் முன் நடுவிலும் பின் நடுவிலும் மாஸ்கிங் டேப்பை நீளவாக்கில் ஒட்டுங்கள். பிறகு முனையிலிருந்து குதிகால்வரை, ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறும்படி குறுக்கே ஒட்டி, அதன்மேல் எதிர்த்திசையில் இன்னொரு அடுக்கு. ஒரே அடுக்கோடு விட்டால் உரிக்கும்போது டேப் இழுபட்டு, அளவு 2, 3 மி.மீ. நீண்டுவிடும்.

இப்போது வரையுங்கள். பின்புற உயரம் 37 அளவுக்குச் சுமார் 55 மி.மீ. வெளிக் கணுக்கால் எலும்பு உள் எலும்பைவிடத் தாழ்ந்திருப்பதால், வெளிப்பக்க டாப்லைனைச் சில மி.மீ. கீழே இறக்குங்கள், இல்லையென்றால் எலும்பில் உரசும். முன்வெட்டை, அதாவது டாப்லைன் முன்னால் தொடங்கும் இடத்தை, ஷூ முனையிலிருந்து அளக்காதீர்கள். கூர்முனை லாஸ்டில் விரல்களுக்கு முன்னால் வெற்றிடம் நிறைய இருக்கும். விரல் எங்கே முடிகிறது என்று குறித்து அங்கிருந்து அளக்கவேண்டும். விரலிடுக்கு எவ்வளவு தெரியலாம் என்பது உங்கள் ரசனை. ஆனால் அளவுக்கு மீறித் திறந்தால் நடக்கும்போது குதிகால் கழன்று வரும்.

நடுக்கோடுகளிலும் அடி விளிம்பிலும் வெட்டி டேப்பை உரித்து, உள், வெளிப் பகுதிகளைத் தனித்தனியே அட்டையில் ஒட்டுங்கள். நடுவில் தொடங்கி வெளிநோக்கித் தடவிவிட வேண்டும். படியாத இடத்தில் அடி விளிம்பில் சின்னச் சின்ன வெட்டுகள் போடலாம். டாப்லைனில் மட்டும் கத்தி படக்கூடாது, அதன் நீளம் மாறினால் உழைப்பெல்லாம் வீண். இரண்டு பகுதிகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சராசரிக் கோடு எடுங்கள். அடி விளிம்பில் உள்ள வித்தியாசத்தை அப்படியே விட்டு, உட்பக்கத்துக்கு ஒரு நாட்ச் (சிறு வெட்டு) அடையாளம் போடுங்கள்.

அடியில் லாஸ்டிங்குக்கு (தோலை லாஸ்டின் அடிக்கு இழுத்து ஒட்டுவதற்கு) 15 முதல் 18 மி.மீ., டாப்லைன் மடிப்புக்கு 5 மி.மீ. சேருங்கள். பின் தையலின் மேல்நுனியை மட்டும் 2 மி.மீ. உள்ளே தள்ளினால் குதிகாலை அது கவ்விப்பிடிக்கும். லைனிங்கைப் பின்புறம் இன்னும் கொஞ்சம் குறைக்கவேண்டும், உள்ளே இருப்பதற்குச் சுற்றளவு குறைவு.

ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் கிடைக்கும் ஆட்டுத்தோலில் 0.8 மி.மீ. கனமுள்ளது இந்த வேலைக்குத் தோது. முனையிலிருந்து குதிகால்வாக்கில் இழுவை குறைவாக இருக்கும்படி வெட்டுங்கள். மடிப்பு விளிம்பைப் பாதிக் கனத்துக்கு ஸ்கைவ் செய்யாவிட்டால் (சீவி மெலிதாக்காவிட்டால்) டாப்லைன் கயிறு மாதிரித் தடித்து நிற்கும்.

முதல் அப்பரை (ஷூவின் மேல்பகுதியை) மலிவுத் தோலில் செய்து லாஸ்டில் ஏற்றிப் பாருங்கள். பக்கவாட்டில் டாப்லைன் வாய் பிளந்தால் கோடு அங்கே நீளம் என்று பொருள். அட்டையில் கீறி 1 மி.மீ. மடித்துக் குறையுங்கள். வளைவுப் பகுதியில் சுருக்கம் விழுந்தால், தோலைக் குறை சொல்வதற்கு முன் அடி விளிம்பைச் சரிபாருங்கள்.

ஷாங்கை, அதாவது பாத வளைவுக்குக் கீழே ஷூவின் அடியில் வைக்கும் தாங்கு பட்டையை, பலர் டிசைனரின் வேலையாகவே நினைப்பதில்லை. அமெரிக்காவில் உடற்கூறியல் படித்த இத்தாலிய ஷூ டிசைனர் சல்வத்தோரே ஃபெராகாமோ, எடை பாத வளைவில் இறங்குவதைக் கவனித்து அங்கே எஃகு ஷாங்க் வைத்தார். 1930-களில் இத்தாலியில் நல்ல எஃகு கிடைக்காமல் ஷாங்குகள் முறியவே, வளைவுக்கும் தரைக்கும் நடுவிலுள்ள இடைவெளியைக் கார்க்கால் அடைத்தார். வெட்ஜ் ஹீல் வந்த கதை அது. உங்கள் ஷாங்கும் லாஸ்டின் வளைவோடு இடைவெளியில்லாமல் படிகிறதா என்று ஒட்டுவதற்கு முன்பே வைத்துப் பாருங்கள்.

சாம்பிளை ஒரு 37 கால் போட்டு நடந்து, படியும் ஏறி இறங்கிய பிறகுதான் கிரேடிங், அதாவது பேட்டர்னை மற்ற அளவுகளுக்கு மாற்றுவது. பாரிஸ் பாயிண்ட் எனும் ஐரோப்பிய அளவு முறையில் ஒவ்வோர் அளவுக்கும் நீளம் 6.67 மி.மீ. கூடும், பின்புற உயரம் அதே வேகத்தில் கூடாது. எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் பெருக்கினால் 41-ல் குதிகால் பகுதி கணுக்காலை இடிக்கும்.