எடை கூடியவர்களின் நெடும்பயணத்துக்கு எந்த டயர்?

உடல் எடை 100 கிலோவைத் தாண்டியவர் நாள் முழுக்கச் சைக்கிள் ஓட்டுவதென்றால், 23, 25 மி.மீ. அகல ரேஸ் டயர்கள் வேண்டாம். ஃபிரேமில் இடமிருந்தால் 32 மி.மீ. போடுங்கள், குறைந்தது 28. ரப்பருக்கு அடியில் பஞ்சர் தடுப்புப் பட்டை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். கொஞ்சம் கனம் கூடும், பரவாயில்லை.

பஞ்சரான டியூபில் பாம்பு கடித்ததுபோல் அருகருகே இரண்டு ஓட்டைகளா? முள் குத்தியதல்ல, காற்று போதாமல் குழியில் இறங்கும்போது டியூப் ரிம்மோடு நசுங்கியிருக்கிறது. அதனால் கிளம்புமுன் காற்றழுத்தத்தைக் கேஜ் (அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள். பாரம் பின்சக்கரத்தில்தான் அதிகம் என்பதால் அதற்குச் சற்றுக் கூடுதலாக அடிக்கலாம். ஆனால் டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டவே கூடாது.

அப்புறம், பின்டயர் நடுவில் தட்டையாகத் தேய்ந்ததும் முன்டயரைப் பின்னுக்கு மாற்றி, புதியதை முன்னால் போடுங்கள். ஓடும்போது முன்டயர் வெடித்தால் ஹேண்டிலைப் பிடித்து நிறுத்துவது மிகக் கஷ்டம்.