விண்டோஸ் 7 இன்னும் ஓடுகிறதா? உளவு மென்பொருளை விரட்டிய கதையும் செய்முறையும்

கோவில்பட்டியில் சித்தப்பா டிடிபி கடை வைத்திருக்கிறார். கடையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். விண்டோஸ் 7, 2 ஜிபி ராம், பக்கம் வடிவமைக்கும் பழைய பேஜ்மேக்கர் மென்பொருள். புதுசு வாங்கச் சொல்லி எனக்கு வாய் வலித்துப்போனது. பதினைந்து வருடத்துக் கல்யாணப் பத்திரிகைகளும் காதணி விழா அழைப்பிதழ்களும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களும் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அதில் கிடக்கின்றன. வேறு மெஷினில் திறந்தால் ஜிலேபி பிழிந்த மாதிரி வரும். "பத்திரிகைல மாப்பிள்ளை பேரு தப்பா வந்தா நீ வந்து பதில் சொல்லுவியால?" என்று கேட்டார். பதில் இல்லை.

போன பொங்கலுக்குப் போனபோது பிரௌசரைத் திறந்தால் பெயரே கேள்விப்படாத ஒரு தேடல் பக்கம் வந்தது. மூலையில் விளம்பரங்கள் முளைத்துக்கொண்டே இருந்தன. உளவு மென்பொருள் (நமக்குத் தெரியாமல் புகுந்து வேவு பார்க்கும் மென்பொருள்) நுழைந்துவிட்டது என்று புரிந்தது. அதைவிடப் பயமுறுத்தியது, அதே மெஷினில் அவர் பேங்க் கணக்கைத் திறந்து பேப்பர்காரருக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து சரிசெய்தேன். அந்த வரிசையிலேயே எழுதுகிறேன். பென்டிரைவில் காப்பி எடுப்பது, மென்பொருளை நிறுவுவது, நீக்குவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

தொடங்கும் முன்

நெட் கேபிளைப் பிடுங்குங்கள். முக்கியமான கோப்புகளை மட்டும் வெளி டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். "எதற்கும் இருக்கட்டும்" என்று பழைய செட்டப் கோப்புகளையும் சேர்த்து எடுக்காதீர்கள், வியாதியும் கூடவே வரும். வேலை முடியும்வரை அந்த மெஷினில் எந்தக் கடவுச்சொல்லையும் தட்டச்சு செய்யக்கூடாது.

படி 1: தேதியைப் பாருங்கள்

சிரிக்காதீர்கள். முதல் நாள் முழுக்க என்னை உட்காரவைத்தது இதுதான்.

ஆன்டிவைரஸைத் திறந்தேன். பச்சை டிக், "உங்கள் கணினி பாதுகாப்பாக உள்ளது". அப்டேட் பொத்தானை அழுத்தினால் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டுத் தோல்வி. பிரௌசரில் எந்தத் தளத்துக்குப் போனாலும் சான்றிதழ் எச்சரிக்கை. உளவு மென்பொருள்தான் வழியை அடைக்கிறது என்று முடிவுகட்டி, ஏதேதோ அமைப்புகளை மாற்றிப் பார்த்து, சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே திரையின் வலது ஓரத்தைப் பார்த்தேன். 01-01-2009.

பாதுகாப்பான இணையதளம் ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழ் காட்டும். அதில் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை செல்லும் என்று இருக்கும். 2009-இல் வாழும் கம்ப்யூட்டருக்கு இன்றைய சான்றிதழ் எல்லாம் இன்னும் பிறக்காத குழந்தை, நம்பாது. அப்டேட் வருவதும் அதே வழியில்தான், அதனால் அதுவும் நின்றுவிட்டது. பச்சை டிக்கின் மர்மமும் அப்புறம்தான் புரிந்தது: தன் வைரஸ் பட்டியல் பழையதாகிவிட்டது என்பதே அந்த ஆன்டிவைரஸுக்குத் தெரியவில்லை. அதன் கணக்கில் அந்தப் பட்டியல் எதிர்காலத்தில் வந்தது!

தேதியைத் திருத்தினால் மட்டும் போதாது. சித்தப்பா ராத்திரி மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவார், காலையில் மறுபடி 2009. காரணம் மதர்போர்டில் இருக்கும் வட்டப் பேட்டரி. சிஆர்2032 என்று கேட்டால் வாட்ச் கடையில்கூடக் கிடைக்கும், விலை ஒரு சாப்பாட்டுக்குக் கீழேதான். மாற்றும் விதம்:

1. பவர் கேபிளைச் சுவரிலிருந்தே கழற்றுங்கள். கேபினெட்டின் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு உள்ளே கை வையுங்கள்.
2. பேட்டரி எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் கூட்டல் குறி மேல்பக்கம்.
3. ஓரத்தில் இருக்கும் சின்ன உலோகக் கொக்கியை நகத்தால் தள்ளினால் பேட்டரி தானே எழும்பும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள்.
4. புதியதைப் போட்டு, மெஷினை ஆன் செய்து, பயாஸுக்குள் (விண்டோஸ் ஏறும் முன் திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) போய் (டெலீட் அல்லது எஃப்2 பொத்தான்) தேதி, நேரத்தைச் சரியாக வையுங்கள்.

(இதைச் செய்யும் முன் கீழே முதல் பிற்சேர்க்கையைப் படித்துவிடுங்கள். ஒரு வாசகர் மாட்டிக்கொண்டார்.)

படி 2: இரண்டு பழைய அப்டேட்கள்

தேதி சரியானதும், வைரஸையும் உளவு மென்பொருளையும் தேடி நீக்கும் மைக்ரோசாஃப்டின் சேஃப்டி ஸ்கேனரை இறக்கிக் கொடுத்தேன். திறக்கவே இல்லை. 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மென்பொருள்களுக்கு இடும் டிஜிட்டல் கையெழுத்து முறையை ஷா-1 என்பதிலிருந்து ஷா-2 என்பதற்கு மாற்றியது. பிற நிறுவனங்களும் அந்தப் பக்கம் போய்விட்டன. பழைய விண்டோஸ் 7-க்குப் புதிய கையெழுத்து புரியாது. மருந்து கையில் இருக்கிறது, நோயாளிக்கு வாய் திறக்கவில்லை.

முதலில் சர்வீஸ் பேக் 1 (விண்டோஸ் 7-க்கு வந்த பெரிய அப்டேட் தொகுப்பு) இருக்கிறதா பாருங்கள். கம்ப்யூட்டர் ஐகானை ரைட் கிளிக் செய்து ப்ராபர்ட்டீஸ் போனால் தெரியும். 32 பிட்டா 64 பிட்டா என்பதையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வேறொரு நல்ல கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் தளத்துக்குப் போய் கேபி4490628, கேபி4474419 இரண்டையும் இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவாருங்கள். இதே வரிசையில் நிறுவி ரீஸ்டார்ட் செய்யுங்கள். இரண்டாவதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வரிகள் வரும். விண்டோஸ் 7 என்று இருப்பதில் 2019-09 என்று தொடங்குவதை எடுங்கள். "இந்தக் கணினிக்குப் பொருந்தாது" என்று வந்தால் பெரும்பாலும் 32, 64 மாறிவிட்டது என்று அர்த்தம்.

இதற்குப் பிறகு நெட் கேபிளை மாட்டி, விண்டோஸ் அப்டேட்டை ஓடவிட்டு, பாக்கி இருப்பதையெல்லாம் ஏற்றுங்கள். ராத்திரி முழுக்க ஆகலாம். "சப்போர்ட்தான் 2020 ஜனவரி 14-ஓடு முடிந்துவிட்டதே, பழைய அப்டேட் எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு: 2017 மே மாதம் உலகத்தையே ஆட்டிய வான்னாக்ரை (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட தீய மென்பொருள்) நுழைந்த ஓட்டைக்கு அந்த மார்ச் மாதமே ஒட்டு வந்துவிட்டது. ஒட்டுப் போடாதவர்கள்தான் மாட்டினார்கள்.

படி 3: ஸ்கேன்

சேஃப்டி ஸ்கேனரை இப்போது திறந்து ஃபுல் ஸ்கேன் கொடுங்கள். இறக்கிய பத்து நாளில் அது காலாவதியாகிவிடும், அடுத்த தடவை புதிதாக இறக்க வேண்டும். பிறகு காஸ்பர்ஸ்கி ரெஸ்க்யூ டிஸ்க்கைப் பென்டிரைவில் போட்டு, அதிலிருந்தே மெஷினை பூட் செய்து இன்னொரு ஸ்கேன். எனக்கு இந்த இரண்டாவது முறைதான் பிடிக்கும். விண்டோஸ் தூங்கிக்கொண்டிருக்கும்போது பார்ப்பதால் உளவு மென்பொருளால் ஒளிந்துகொள்ள முடியாது. சித்தப்பா மெஷினில் முதல் ஸ்கேன் பிடிக்காத இரண்டை இது பிடித்தது.

விண்டோஸ் 7-உடன் வரும் டிஃபெண்டர் போதுமே என்று சிலர் நினைக்கிறார்கள். 2004 டிசம்பரில் ஜெயண்ட் என்ற நிறுவனத்தை வாங்கி மைக்ரோசாஃப்ட் உருவாக்கிய உளவு மென்பொருள் தடுப்புதான் அது. விண்டோஸ் 7-இல் அது வைரஸ் பக்கமே போகாது. தனியாக ஓர் ஆன்டிவைரஸ் வேண்டும். எது என்று கேட்டால், சிஸ்டம் தேவைகள் பட்டியலில் விண்டோஸ் 7 என்று இன்றும் எழுதியிருப்பது எதுவோ அது. ஒன்றே ஒன்று. இரண்டு போட்டால் 2 ஜிபி ராமில் இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும், பேஜ்மேக்கர் நகராது. காசு கொடுத்து வாங்கும் "ஸ்பீடு பூஸ்டர்", "பிசி கிளீனர்" எதுவும் வேண்டாம். சித்தப்பா மெஷினில் விளம்பரம் காட்டிக்கொண்டிருந்ததே அப்படி ஒரு கிளீனர்தான்.

படி 4: மிச்சம் மீதி

ஸ்டார்ட்டில் எம்எஸ்கான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் தட்டி, ஸ்டார்ட்டப் தாவலைப் பாருங்கள். தயாரிப்பாளர் பெயர் "அன்நோன்" என்று இருப்பதை வலையில் தேடிப் பார்த்து, வேண்டாதவற்றின் டிக்கை எடுங்கள். குறித்த நேரத்தில் வேலைகளைத் தானே ஓடவிடும் டாஸ்க் ஷெட்யூலரையும் ஒரு நடை பார்த்துவிடுங்கள், நீக்கியது மறுநாள் மறுபடி முளைத்தால் வேர் அங்கேதான் இருக்கும்.

எல்லாம் முடிந்தபின் நெட்டே வரவில்லையா? இன்டர்நெட் ஆப்ஷன்ஸ், கனெக்ஷன்ஸ், லேன் செட்டிங்ஸ் என்று போங்கள். ப்ராக்ஸி டிக் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். நெட் போக்குவரத்தைத் தன் வழியாகத் திருப்பிவிட்டுப் போன களவாணி, ஆள் போனபிறகும் வழிப்பலகையை விட்டுச் சென்றிருப்பான்.

படி 5: மறுபடி வராமலிருக்க

சித்தப்பா தினமும் அட்மின் கணக்கில்தான் வேலை பார்த்தார். அதில் எது உள்ளே வந்தாலும் வீட்டுச் சாவியோடு வருகிறது. கண்ட்ரோல் பேனலில் யூசர் அக்கவுண்ட்ஸ் போய் முதலில் புதிதாக ஓர் அட்மின் கணக்கு உருவாக்கிக் கடவுச்சொல் வையுங்கள். அதற்குப் பிறகுதான் பழைய கணக்கை ஸ்டாண்டர்டாக மாற்ற வேண்டும். மாற்றியதும் பழைய மென்பொருள் சில முரண்டு பிடிக்கும். பேஜ்மேக்கர் இருக்கும் ஃபோல்டருக்கு மட்டும் எழுதும் அனுமதி கொடுத்தேன், அடங்கிவிட்டது.

பிரௌசர்: ஃபயர்பாக்ஸ் 115 இஎஸ்ஆர். விண்டோஸ் 7-இல் ஓடும் கடைசி ஃபயர்பாக்ஸ் வரிசை இது. குரோம் 109-ஓடு 2023-இல் நின்றுவிட்டது. ஃபயர்பாக்ஸ் சான்றிதழ் பட்டியலைத் தன் கையிலேயே வைத்திருப்பதும் பழைய விண்டோஸில் பெரிய நிம்மதி. அதில் விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் என்ற நீட்சியைப் போடுங்கள். "ஆரிஜின்" என்ற சொல் கட்டாயம் இருக்க வேண்டும், பெயரை ஒட்டி வேறு சிலதும் உலவுகின்றன.

பேங்க் வேலை இனிமேல் அந்த மெஷினில் கிடையாது. மேலே சொன்ன அத்தனையும் செய்தபிறகும் கிடையாது. புதிய ஓட்டைகளுக்கு இனி ஒட்டு வராது, அவ்வளவுதான். பேங்க், மின்னஞ்சல் கடவுச்சொற்களைப் போனிலிருந்தே மாற்றவைத்தேன். நெட் கேபிளும் இப்போது தேவைப்படும்போது மட்டும்தான். வாட்ஸப்பில் வரும் மேட்டரை வாங்கி முடித்ததும் கழற்றி மேஜைக்காலில் மாட்டிவிடுவார்.

படி 6: பென்டிரைவ்

டிடிபி கடைக்கு வரும் பென்டிரைவ் ஊரெல்லாம் சுற்றிவிட்டு வருவது. கண்ட்ரோல் பேனலில் ஆட்டோபிளேயை அணையுங்கள். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் கோப்பின் பின்னொட்டை மறைக்கும் டிக்கை எடுங்கள். "பத்திரிகை.பிடிஎஃப்" என்று தெரிவது உண்மையில் "பத்திரிகை.பிடிஎஃப்.எக்ஸி" (எக்ஸி என்று முடிந்தால் அது ஓடும் மென்பொருள்) என்பது அப்போதுதான் கண்ணில் படும். ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருந்தால் எதையும் திறக்காதீர்கள். உண்மையான ஃபோல்டர்கள் மறைந்து அங்கேயேதான் இருக்கும்.

பிற்சேர்க்கை 1: பேட்டரி மாற்றியபின் நீலத் திரை வருகிறது என்று ஒரு வாசகர் எழுதினார். என் தவறு, சொல்ல விட்டுவிட்டேன். பேட்டரியை எடுத்தால் பயாஸ் அமைப்புகள் தொடக்க நிலைக்குப் போய்விடும். அதில் சாட்டா மோடு (ஹார்டு டிஸ்க்கோடு மதர்போர்டு பேசும் முறை) ஐடிஇ-க்கும் ஏஹெச்சிஐ-க்கும் இடையே மாறிவிட்டால் விண்டோஸ் 7 ஏறாது. பயப்படாமல் அதை மற்றதற்கு மாற்றிப் பாருங்கள். பேட்டரியைத் தொடும் முன் பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துவைத்தால் இந்தத் தலைவலியே இல்லை.

பிற்சேர்க்கை 2: விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களும் கேட்கிறார்கள். அதன் சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பு உண்டு. அப்டேட் பக்கத்திலேயே அதில் சேரும் இணைப்பு தெரியும். உங்களுக்குப் படி 2 வேண்டாம், மற்றவை பெரும்பாலும் பொருந்தும்.

பிற்சேர்க்கை 3: விண்டோஸ் எக்ஸ்பி. இன்னும் மூன்று பேர்! 2014 ஏப்ரலிலேயே சப்போர்ட் நின்றுபோனது அதற்கு. எக்ஸ்பிக்கு ஒரே ஒரு படிதான்: நெட் கேபிளைக் கழற்றுங்கள், திரும்ப மாட்டாதீர்கள்.