ஃப்ளாரன்ஸில் மூன்று நாள்: முதல்முறை போகிறவர்கள் திட்டம் போடுவது எப்படி?

இத்தாலியில் இருக்கும் ஃப்ளாரன்ஸ் சின்ன ஊர். ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் துவோமோ என்கிற பேராலயம். அங்கிருந்து இன்னொரு பத்து நிமிடத்தில் ஆர்னோ ஆறு. இவ்வளவுதானே, போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்புகிறவர்கள்தான் அங்கே மாட்டிக்கொள்கிறார்கள். திங்கட்கிழமை போய் இறங்கினால் உஃபிஸி, அக்காடெமியா என்கிற இரண்டு பெரிய அருங்காட்சியகங்களும் பூட்டியிருக்கும். மறுநாள் போனால், முந்தைய நாள் பார்க்க முடியாதவர்களும் சேர்ந்து வரிசையில் நிற்பார்கள். அதனால் முதலில் கையில் எடுக்க வேண்டியது காலண்டர். விமான டிக்கெட், ஹோட்டல் எல்லாம் அப்புறம்.

படி 1: கிழமையை முடிவு செய்யுங்கள்

இரண்டு பெரிய அருங்காட்சியகங்களுக்கும் திங்கள் விடுமுறை. ஞாயிறு காலை பேராலயத்தில் பூசை நடக்கும், சுற்றிப் பார்க்க வருகிறவர்களை விடமாட்டார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்கள் இலவசம் என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அன்றைக்குக் கூட்டம் அள்ளும். மூன்று நாள்தான் கையில் இருக்கிறது என்றால் செவ்வாய் முதல் வியாழன் வரை, அல்லது புதன் முதல் வெள்ளி வரை வைத்துக்கொள்வது உத்தமம்.

ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். நம்மூர் வெயிலைப் பார்த்தவர்களுக்கு 35 டிகிரி பெரிய விஷயமில்லைதான். ஆனால் அங்கே கல் பாவிய தெரு, மரமே இல்லாத சதுக்கம், நாள் முழுக்க நடை. போதாக்குறைக்கு ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிக் குடும்பங்கள் நடத்தும் கடைகள் பலவும் விடுமுறைக்கு மூடிவிடும். நவம்பரும் மார்ச் தொடக்கமும் என் தேர்வு. மழை வரலாம், சீக்கிரம் இருட்டும். உள்ளே பார்க்க வேண்டியதே அதிகம் உள்ள ஊரில் அதனால் பெரிய நஷ்டம் இல்லை.

படி 2: விசா

இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். பல நாடுகளைச் சுற்றுவதாக இருந்தால், அதிக நாள் தங்கும் நாட்டின் வழியாகத்தான் விண்ணப்பம். விசா கைக்கு வரும்வரை ரத்து செய்யக்கூடிய ஹோட்டலாகப் போடுங்கள். அருங்காட்சியக டிக்கெட்டை அதற்கு முன் வாங்க வேண்டாம், பணம் திரும்ப வராது.

படி 3: மூன்று முக்கிய முன்பதிவு

விசா வந்த அன்றே செய்ய வேண்டிய வேலை இது. கீழே சொல்லும் வரிசையிலேயே செய்யுங்கள்.

முதலில் துவோமோவின் குவிமாடம். பேராலயத்துக்குள் போக டிக்கெட் இல்லை, வரிசையில் நின்றால் போதும். மேலே ஏறத்தான் நேரம் குறித்த டிக்கெட் வேண்டும். அது சீக்கிரம் தீர்ந்துவிடும், பெயரும் அதில் இருக்கும். 463 படி, லிஃப்ட் கிடையாது. முழங்கால் வலி, மூச்சுத்திணறல், இருதயப் பிரச்சினை உள்ளவர்கள் இதை விட்டுவிடலாம். பாதியில் திரும்பி இறங்குவது லேசில்லை, வழி அவ்வளவு குறுகல்.

ஏற முடிந்தவர்கள் தவறவிடக் கூடாது. 1420-இல் கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி இதைத் தொடங்கியபோது, தரையிலிருந்து மரச்சாரம் எழுப்பித் தாங்காமலே இவ்வளவு பெரிய கூரையைக் கட்டிவிட முடியும் என்பதைப் பலர் நம்பவில்லை. 1436-இல் குவிமாடத்தை மூடிவிட்டார். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு அடுக்குக் கூரை. நாம் ஏறுவது அந்த இரண்டுக்கும் நடுவில். பக்கத்துச் சுவரைக் கவனியுங்கள். படுக்கையாக அடுக்கிய செங்கல் வரிசைக்கு நடுவே சில செங்கற்கள் செங்குத்தாக நிற்கும். கட்டும்போது சாய்வான வரிசைகள் சரிந்து விழாமல் பிடித்துக்கொண்டவை அவைதான். வழியில் ஒரு நடைமேடையில், வசாரியும் ஸுக்காரியும் வரைந்த இறுதித் தீர்ப்பு ஓவியத்தின் நரகப் பகுதி முகத்துக்கு நேராக வரும். கீழிருந்து புள்ளியாகத் தெரியும் பேய்கள் பக்கத்தில் ஆளை விடப் பெரிதாக நிற்கும்.

அடுத்தது அக்காடெமியா. மைக்கேலாஞ்சலோவின் டேவிட் சிலை இங்கேதான் இருக்கிறது. சின்னோரியா சதுக்கத்தில் நிற்பது நகல். மூன்றாவது உஃபிஸி. இரண்டுக்கும் காலையின் முதல் நேரத்தையே எடுங்கள். இரண்டையும் ஒரே நாளில் போடாதீர்கள். நாளுக்கு ஒரு பெரிய அருங்காட்சியகம் போதும். அதற்கு மேல் கண் பார்க்கும், மனசு வாங்காது.

ஒரு எச்சரிக்கை. தேடினால் முதலில் வருபவை பெரும்பாலும் இடைத்தரகர் தளங்கள். தோற்றம் அசல் போலவே இருக்கும், விலை மட்டும் எக்கச்சக்கம். அருங்காட்சியகத்தின் சொந்தத் தளத்துக்குள் போய், அங்கிருந்து டிக்கெட் பக்கத்தைத் திறங்கள். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அரசு அருங்காட்சியகங்களில் நுழைவு இலவசம். முன்பதிவுக் கட்டணம் மட்டும் வரலாம்.

படி 4: போய்ச் சேருவதும் தங்குவதும்

ரோமிலிருந்து அதிவேக ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். டிக்கெட்டில் ஊரின் பெயர் ஃபிரென்ஸே என்றுதான் இருக்கும், நிலையம் சாந்தா மரியா நொவெல்லா. ஊரில் வேறு நிலையங்களும் உண்டு, அதைப் பார்த்து வாங்குங்கள். உள்ளூர் ரயிலுக்குக் காகித டிக்கெட் எடுத்தால், ஏறுமுன் நடைமேடையில் உள்ள இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும், மறந்தால் அபராதம். விமானத்தில் ஊருக்கே வந்தால் டிராம் இருபது நிமிடத்தில் ரயில் நிலையத்தின் பக்கம் கொண்டுவந்து விடும்.

வாடகைக் கார் வேண்டவே வேண்டாம். பழைய நகரத்துக்குள் வெளி வண்டிகளுக்குத் தடை, முனைக்கு முனை கேமரா. வீடு திரும்பிய பிறகு அபராதச் சீட்டு தேடி வரும்.

தங்க, ஆற்றுக்கு அக்கரையில் உள்ள ஒல்த்ரார்னோவோ சாந்தா குரோச்சே பக்கமோ எனக்குப் பிடிக்கும். பெட்டி கனமாக இருந்தால் நிலையத்துக்குப் பக்கத்திலேயே எடுங்கள். அறை வாடகை தவிர, ஆளுக்கு இரவுக்கு இவ்வளவு என்று நகர வரி தனியாகக் கேட்பார்கள். ஏமாற்று வேலை இல்லை, கொடுத்துவிடுங்கள்.

முகவரி தேடும்போது இதை மறக்காதீர்கள்: இங்கே ஒரே தெருவில் இரண்டு எண் வரிசை உண்டு. வீடுகளுக்கும் ஹோட்டல்களுக்கும் கறுப்பு அல்லது நீலம், கடைகளுக்கும் உணவகங்களுக்கும் சிவப்பு. எண்ணுக்குப் பின்னால் 'ஆர்' எழுத்து இருந்தால் சிவப்பு. சிவப்பு 25 கறுப்பு 25-க்குப் பக்கத்தில்தான் இருக்கும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

படி 5: நாட்களை நிரப்புங்கள்

முதல் நாள் காலை குவிமாடம். இறங்கியதும் பேராலயத்துக்குப் பின்னால் உள்ள அருங்காட்சியகத்துக்குப் போங்கள். பேராலயத்துக்கு எதிரே உள்ள ஞானஸ்நான மண்டபத்துக்காகச் சிற்பி கிபெர்ட்டி 1425 முதல் 1452 வரை உழைத்துச் செய்த பொற்கதவின் அசல் அங்கேதான் இருக்கிறது. வெளியே எல்லோரும் முண்டியடித்துப் படம் எடுப்பது நகலை. மாலையில் சாந்தா குரோச்சே ஆலயம். மைக்கேலாஞ்சலோ, கலிலியோ, மாக்கியவெல்லி கல்லறைகள் அங்கே உண்டு. அந்த வட்டாரத்துச் சுவர்களில் தலைக்கு மேலே சின்னப் பலகைகள் பதித்திருக்கும்: 1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ வெள்ளம் ஏறிய உயரம் அது. சிமாபுவேயின் சிலுவை ஓவியம் அந்தச் சேற்றில் வண்ணத்தில் பெரும்பகுதியை இழந்துவிட்டது. மீதியை அப்படியே காப்பாற்றி ஆலயத்திலேயே வைத்திருக்கிறார்கள்.

இரண்டாம் நாள் உஃபிஸி. எல்லா அறைகளையும் பார்த்து முடிக்க நினைக்காதீர்கள். பொட்டிசெல்லியின் 'வீனஸின் பிறப்பு', 'வசந்தம்', லியொனார்டோவின் 'மங்கள வார்த்தை' (மரியாளிடம் தேவதூதர் சேதி சொல்லும் காட்சி), மைக்கேலாஞ்சலோவின் வட்ட ஓவியம், கரவாஜியோவின் மெடூசா: இவற்றுக்கு நேரம் கொடுத்தால் போதும். இத்தனையும் இந்த ஊரிலேயே தங்கியதற்கு, ஊரை ஆண்ட மெடிச்சி வம்சத்தின் கடைசி வாரிசான அன்னா மரியா லுயீசாவுக்கு நன்றி சொல்ல வேண்டும். அடுத்து ஆள வந்த வம்சத்தோடு செய்துகொண்ட 1737 உடன்படிக்கையில், ஊரை விட்டு எதையும் வெளியே கொண்டுபோகக் கூடாது என்று எழுதி வாங்கிவிட்டார். மதியத்துக்கு மேல் பொன்தே வெக்கியோ பாலத்தைக் கடந்து ஒல்த்ரார்னோவில் திரியலாம். பிராங்காச்சி சிற்றாலயத்தில் மசாச்சோவின் சுவரோவியங்கள் உண்டு. சிறு குழுவாகத்தான் விடுவார்கள் என்பதால் முன்பே பதிந்துகொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் அக்காடெமியா. டேவிடைப் பார்க்க விரைகிறவர்கள் வழியில் இருபுறமும் நிற்கும் 'கைதிகள்' சிலைகளைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். போப் இரண்டாம் ஜூலியஸின் கல்லறைக்கென்று தொடங்கி மைக்கேலாஞ்சலோ பாதியில் விட்டவை அவை. உளியின் பற்கள் இழுத்த கோடுகள் பளிங்கில் அப்படியே தெரியும். அவற்றைப் பார்த்துவிட்டு 5.17 மீட்டர் டேவிடின் முன் நின்றால், அந்த வழவழப்புக்கு எவ்வளவு கை உழைத்திருக்கும் என்று புரியும். அங்கிருந்து இரண்டு நிமிட நடையில் சான் மார்க்கோ மடம், மதியத்துக்குள் போய்விடுங்கள். மாடிப்படி ஏறும்போதே ஃப்ரா ஆஞ்சலிகோவின் 'மங்கள வார்த்தை' எதிரில் வரும். துறவிகளின் நாற்பதுக்கும் மேற்பட்ட சிற்றறைகளில் அறைக்கு ஒரு சுவரோவியம். என்னைக் கேட்டால், இந்த ஊரில் ஒன்றே ஒன்று பார்க்கலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

படி 6: சாப்பாடு, சில்லறை விஷயங்கள்

சைவர்கள் பயப்பட வேண்டாம். ரிபொல்லித்தா என்பது பழைய ரொட்டி, பீன்ஸ், கீரை போட்ட கெட்டி சூப். பாப்பா அல் பொமொதோரோ தக்காளியும் ரொட்டியும். இறைச்சிச் சாறு கலந்திருக்கலாம், 'சென்ஸா கார்னே?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். லாம்ப்ரெதொத்தோ என்று வண்டியில் விற்பது மாட்டின் இரைப்பை. ரொட்டியில் உப்பு இருக்காது, அது அவர்கள் வழக்கம். பில்லில் 'கொப்பெர்த்தோ' என்று ஆளுக்கு ஒன்றிரண்டு யூரோ வந்தால் அது மேஜைக் கட்டணம். காபியை நின்றுகொண்டே குடித்தால் மலிவு.

ஆலயங்களுக்குள் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், ஒரு துப்பட்டா கையில் இருக்கட்டும். காலி பாட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள்; பொதுக் குழாய்களில் நல்ல தண்ணீர் வரும். குவிமாடத்துக்குப் பெரிய பையோடு விடமாட்டார்கள், முன்கூட்டியே பாதுகாப்பறையில் போட்டுவிட்டு, குறித்த நேரத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்னால் வாசலில் நில்லுங்கள். டிக்கெட்டை போனில் படமாகச் சேமித்து வையுங்கள், பெயரைச் சரிபார்க்கப் பாஸ்போர்ட் கேட்கலாம்.