தள்ளுபடிக்குக் காத்திருக்காதீர்கள்: கல்விக்கடனைத் திருப்பிச் செலுத்துவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்விக்கடன் வாங்கிப் படித்து முடித்தவர்கள் செய்யும் தவறுகளில் மிகப் பெரிய இழப்பைத் தருவது, எப்படியும் கடன் தள்ளுபடியாகிவிடும் என்று நம்பித் தவணையைக் கட்டாமல் இருந்துவிடுவதுதான். தமிழ்நாட்டில் இந்த நம்பிக்கை காரணமின்றி வளரவில்லை. 2021-ஆம் ஆண்டில் கூட்டுறவுச் சங்கங்களில் பெற்ற பயிர்க்கடன்கள் தள்ளுபடி செய்யப்பட்டன. தகுதியுள்ளோர் ஐந்து சவரன் வரை வைத்திருந்த நகைக்கடன்களுக்கும் அதே ஆண்டில் தள்ளுபடி அறிவிப்பு வந்தது. தேர்தல் வாக்குறுதிகளில் கல்விக்கடனும் இடம்பெற்றது. ஆனால் கூட்டுறவுச் சங்கங்கள் மாநில அரசின் நிர்வாகத்தின்கீழ் உள்ளவை. கல்விக்கடன்களில் பெரும்பகுதியைத் தந்திருப்பவையோ பொதுத்துறை வங்கிகள். மாநில அரசு அவற்றைத் தள்ளுபடி செய்ய விரும்பினால், அந்தத் தொகை முழுவதையும் தன் கருவூலத்திலிருந்து வங்கிகளுக்குச் செலுத்தியாக வேண்டும். இந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்வார் இல்லாததால், எத்தனையோ குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, வாங்கியதைப்போல இருமடங்கு பாக்கியோடு வங்கியின் முன் நிற்கின்றன என்பது வேதனைக்குரியது.

காத்திருக்கும் காலத்தில் வட்டி நிற்பதில்லை. தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் இருந்தால் கணக்கு வாராக்கடனாக வகைப்படுத்தப்படும்; அது மாணவரின் சிபில் மதிப்பெண்ணை, அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று காட்டும் மதிப்பெண்ணை மட்டுமன்றி, இணைக் கடனாளியாகக் கையெழுத்திட்ட தந்தை அல்லது தாயின் மதிப்பெண்ணையும் சேர்த்தே பாதிக்கும். பின்னர் தங்கையின் படிப்புக்கோ வீட்டுக்கோ கடன் கேட்டுப் போகும்போதுதான் பலருக்கு இந்த விவரமே தெரியவருகிறது.

அடுத்த தவறு, படிப்புக் காலமும் அதற்குப் பிந்தைய ஓராண்டும் வட்டியில்லாக் காலம் என்று எண்ணுவது. அக்காலத்தில் தவணை கட்ட வேண்டியதில்லை என்பதே உண்மை. வட்டி முதல் நாளிலிருந்தே ஏறிக்கொண்டிருக்கும். நான்காண்டு படிப்புக்கு ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் ஒரு இலட்சம் வீதம் நான்கு இலட்சம் ரூபாயை 10 விழுக்காடு வட்டியில் ஒருவர் பெற்றதாகக் கொள்வோம். தனிவட்டியாகக் கணக்கிட்டாலும் முதல் ஆண்டில் 10,000, இரண்டாம் ஆண்டில் 20,000, மூன்றாம் ஆண்டில் 30,000, நான்காம் ஆண்டிலும் படிப்புக்குப் பிந்தைய சலுகை ஆண்டிலும் தலா 40,000 என மொத்தம் 1,40,000 ரூபாய் வட்டி சேர்ந்திருக்கும். தவணை தொடங்கும் நாளில் பாக்கி 5,40,000 ரூபாய்; பத்தாண்டுத் திட்டத்தில் மாதத் தவணை ஏறத்தாழ 7,136 ரூபாய். அந்த வட்டியை அவ்வப்போதே கட்டிவந்திருந்தால் தவணை 5,286 ரூபாயாகத்தான் இருந்திருக்கும். முதல் ஆண்டில் மாதம் எண்ணூறு சொச்சம் ரூபாய் கட்டுவது பல குடும்பங்களால் இயலக்கூடியதே. அவ்வாறு கட்டுவோருக்கு ஒரு விழுக்காடு வரை வட்டிச் சலுகை தரும் வங்கிகளும் உண்டு.

அரசு தரும் உண்மையான நிவாரணம் வட்டி மானியம்தான். தள்ளுபடியைப் பற்றிப் பேசுமளவுக்கு இதைப் பற்றி நாம் பேசுவதில்லை. பெற்றோரின் ஆண்டு வருமானம் 4.5 இலட்சம் ரூபாய்க்குள் இருந்து, இந்தியாவில் தொழிற்கல்வி அல்லது தொழில்நுட்பக் கல்வி பயில்வோருக்கு, படிப்புக் காலத்துக்கும் அதற்குப் பின் ஓராண்டுக்குமான வட்டியை ஏற்கும் மத்திய அரசுத் திட்டம் 2009-10 கல்வியாண்டு முதல் நடைமுறையில் உள்ளது. 2024-இல் ஒப்புதல் பெற்ற பிரதமர் வித்யாலட்சுமித் திட்டம், தேர்ந்தெடுக்கப்பட்ட கல்வி நிறுவனங்களில் பயில்வோரில் எட்டு இலட்சம் வரை குடும்ப வருமானம் உள்ளவர்களுக்கு, பத்து இலட்சம் வரையிலான கடனில் அதே காலத்துக்கு மூன்று விழுக்காடு வட்டியைக் குறைக்கிறது. மானியம் தானாக வந்துவிடும் என்று இருந்துவிடுவதே இங்கு நேரும் பிழை. வருமானச் சான்றிதழைக் கிளையில் கொடுத்து அதற்கு ஒப்புகை பெற வேண்டும். கடன் கணக்கின் அறிக்கையை வாங்கி, மானியத் தொகை வரவாகியிருக்கிறதா என்று வரிவரியாகப் பார்க்க வேண்டும். படிப்பைப் பாதியில் கைவிட்டவர்களுக்கு, மருத்துவக் காரணம் போன்ற சில விலக்குகள் தவிர, இந்த மானியம் கிடைக்காது.

வேலை கிடைக்காதபோது வங்கியின் அழைப்பை ஏற்காமல் ஒதுங்குவது இயல்பான அச்சத்தால் நேர்வது. அதைக் குற்றமாகக் கருத வேண்டாம், ஆனால் தவிர்த்தே தீர வேண்டும். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டம், வேலையின்மை அல்லது குறைந்த ஊதியக் காலங்களைக் கருத்தில்கொண்டு கடன் காலத்தில் இரண்டு மூன்று முறை தவணைக்கு அவகாசம் தரவும், தொடக்கத்தில் குறைவாகவும் பின்னர் கூடுதலாகவும் தவணையை அமைக்கவும் வங்கிகளுக்கு இடமளிக்கிறது. திருப்பிச் செலுத்தும் காலமும் 15 ஆண்டுகள் வரை நீளலாம். இவற்றைக் கேட்டுப் பெற வேண்டும். அதுவும் தவணை தவறுவதற்கு முன்பே, மேலாளருக்கு எழுத்துமூலமான விண்ணப்பமாக, அதன் நகலில் கிளையின் முத்திரை பெற்று. கணக்கு வாராக்கடனான பின் அதே மேலாளரால் செய்யக்கூடியது மிகவும் சுருங்கிவிடுகிறது. வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மீறினால் முதலில் வங்கியிடம் எழுத்தில் புகாரளித்து, 30 நாட்களில் தீர்வு வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

சிறியதாகத் தோன்றினாலும் அடிக்கடி நேரும் பிழை ஒன்றுண்டு. சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்ப்பவர், ஊர்க் கிளையில் உள்ள தம் சேமிப்புக் கணக்குக்கு மாதந்தோறும் பணம் அனுப்பிவிட்டுத் தவணை கட்டியாயிற்று என்று இருந்துவிடுவார். மாதந்தோறும் தவணையைத் தானாக எடுத்துக்கொள்ளும்படி வங்கிக்கு நிரந்தர உத்தரவு கொடுக்காதவரை அந்தப் பணம் கடன் கணக்குக்குப் போகாது. நினைவூட்டும் குறுஞ்செய்தியோ, கல்லூரியில் சேர்ந்தபோது கொடுத்த பழைய எண்ணுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

தவணை குறைவாகத் தெரிகிறது என்பதற்காக நீண்ட காலத்தைத் தேர்ந்து, பின்னர் அதை மறந்துவிடுவதும் இழப்பே. மேற்சொன்ன 5,40,000 ரூபாயைப் பதினைந்து ஆண்டுகளில் கட்டினால் தவணை 5,803 ரூபாயாகக் குறையும். ஆனால் மொத்தமாகக் கட்டுவது பத்தாண்டுத் திட்டத்தைவிட ஏறத்தாழ 1,88,000 ரூபாய் கூடிவிடும். மாறும் வட்டியில் உள்ள தனிநபர் கல்விக்கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் இல்லை என்பதால், நீண்ட காலத்தைத் தேர்ந்தாலும் ஊதியம் உயரும்போது கூடுதலாகக் கட்டிவிடலாம். வருமான வரியில் 80-இ என்று அறியப்படும் விலக்கு வட்டிக்கு மட்டும், எட்டு ஆண்டுகள் வரை, அதுவும் பழைய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்கே கிடைக்கும்.

வாராக்கடனான பின், பேசி முடிவான ஒரு தொகையைக் கட்டிக் கணக்கை முடித்துக்கொள்ளும்படி வங்கிகள் முன்வைக்கும் ஒருமுறைத் தீர்வைத் தள்ளுபடி என்று எண்ணி உடனே ஒப்புக்கொள்ள வேண்டாம். பாக்கியில் ஒரு பகுதி குறையும். ஆனால் கடன் வரலாற்றில் அது முழுமையாக முடிக்கப்பட்ட கடனாகப் பதிவாகாமல், பேசித் தீர்க்கப்பட்டதாகவே பதிவாகும். பின்னாளில் கடன் தருவோர் அதைக் கவனிப்பார்கள். வேறு வழியே இல்லாதபோது மட்டும், நிபந்தனைகள் அனைத்தையும் எழுத்தில் பெற்ற பிறகு அதை ஏற்கலாம். முழுமையாகக் கட்டி முடித்தவர்கள் பாக்கியில்லாச் சான்றிதழைக் கேட்டு வாங்க வேண்டும். சொத்துப் பத்திரத்தை ஈடாகக் கொடுத்திருந்தால், கடன் முடிந்த 30 நாட்களுக்குள் வங்கி அதைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. ஓரிரு மாதங்கள் கழித்து, ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் கடன் அறிக்கையை எடுத்து, மாணவர், பெற்றோர் இருவரின் பெயரிலும் அந்தக் கணக்கு முடிந்ததாகக் காட்டப்படுகிறதா என்று சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.