கசக்காத சிவப்பு ஒயின் வேண்டுமா? போஜொலேயில் தொடங்குங்கள்

பிரான்ஸின் லியோனில் ஓர் ஒயின் கடையில் வேலை பார்க்கிறேன். "அண்ணா, சிவப்பு குடித்துப் பார்க்க ஆசை, ஆனால் கசக்கக் கூடாது" என்று நம் ஆட்கள் யாராவது வந்தால், விலை உயர்ந்த போர்தோ வட்டார ஒயின் பக்கம் அவர்களை விடவே மாட்டேன். விலை ஏறினால் மென்மையும் ஏறும் என்று நினைப்பவர்கள் நிறைய. ஆனால் இளசான, விலை உயர்ந்த போர்தோதான் வாயை அதிகம் இழுக்கும்.

அந்த இழுப்புக்குக் காரணம் டானின். திராட்சையின் தோல், விதை, காம்பு, ஓக் பீப்பாய் எல்லாவற்றிலிருந்தும் அது ஒயினில் இறங்குகிறது. பாக்கு மென்றதும் ஈறு வறண்டு பிடிக்குமே, அதே வேலைதான். புதிதாகக் குடிப்பவர் கசப்பு என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். ஆகவே தோலில் டானின் குறைந்த திராட்சையாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

என் கை முதலில் போவது போஜொலேக்கு. லியோனுக்கு வடக்கே உள்ள மலைச்சரிவுகளில் விளையும் கமே திராட்சையில் செய்வது. 1395இல் பர்கண்டியை ஆண்ட துணிச்சல்கார ஃபிலிப் இந்தக் கமேயைப் பிடுங்கி எறியச் சொல்லி ஆணையே போட்டார். போகட்டும், அவருக்கு பினோ நுவார் திராட்சைதான் பிடித்தம். போஜொலேயில் குலைகளை நசுக்காமல் முழுசாகத் தொட்டியில் போட்டு மூடுவார்கள். உள்ளே கரியமில வாயு நிறைந்து, பழத்துக்குள்ளேயே நொதித்தல் தொடங்கிவிடும். நிறமும் பழவாசனையும் வரும், துவர்ப்பு அவ்வளவாக வராது.

லேபிளில் 'போஜொலே வில்லாஜ்' என்று இருந்தால் தைரியமாக எடுக்கலாம். 10 ஊர்ப்பகுதிகளின் ஒயின் மட்டும் அந்தந்தப் பெயரிலேயே வரும். அவற்றில் ஃப்ளூரி, ப்ரூயி, ஷிரூப்ல் மென்மையானவை. மோர்கோன், முலான் ஆ வான் கொஞ்சம் முறுக்கானவை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அந்த ஆண்டு அறுவடையில் செய்து நவம்பர் மூன்றாம் வியாழனன்று வரும் புது ஒயினான 'நுவோ'வை வாங்கினால் அந்தக் குளிர்காலத்துக்குள் குடித்துவிடுங்கள். வைத்திருந்து பலன் இல்லை.

போஜொலே கிடைக்காத ஊரில் பினோ நுவார், மெர்லோ, கிரனாஷ் என்று கேளுங்கள். பார்பெரா புளிக்கும், ஆனால் வாயை இழுக்காது. டானின் தூக்கலான கபர்னே சோவின்யோன், பரோலோ, மதிரான் மூன்றையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். ஒன்று கவனம்: மென்மை வேறு, இனிப்பு வேறு. நான் சொன்னவை எதுவும் இனிக்காது. இனிப்பே வேண்டுமென்றால் இத்தாலியின் பிராக்கெட்டோ தக்வி வாங்குங்கள். ஆல்கஹாலும் அதில் குறைவு.

சூடு விஷயத்தில்தான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். கோடையில் மேசையிலேயே வைத்த பாட்டிலில் ஆல்கஹால்தான் முன்னால் நிற்கும். ஃப்ரிட்ஜில் வைத்து, 13, 14 டிகிரிக்குக் குளிர்ந்ததும் ஊற்றுங்கள். அதற்கும் கீழே குளிர்ந்தால் துவர்ப்பு தூக்கும்.

கூடவே கொஞ்சம் சீஸ், வறுத்த கோழி ஏதாவது இருக்கட்டும். கொழுப்பும் உப்பும் டானினை அடக்கும். மிளகாய் தூக்கலான குழம்போடு மட்டும் வேண்டாம், இரண்டும் சேர்ந்து எரியும். பாட்டில் முடியவில்லையா, தக்கையை அடைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். இரண்டு நாள் தாங்கும்.