பழைய பெனிஃபிட்டிலிருந்து யூனிவர்சல் கிரெடிட்டுக்கு: பிரித்தானியாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

வந்து சில மாதங்களுக்குள் உங்களுக்குக் கிடைக்கும் முதல் பொறுப்பு, பெரும்பாலும், வீட்டுக்கு வரும் கடிதங்களை வாசித்துச் சொல்வதுதான். மாமா வீட்டிலோ அண்ணை வீட்டிலோ தங்கியிருப்பீர்கள். ஆங்கிலம் ஓரளவு தெரியும் என்பதால் "தம்பி, இதில என்ன போட்டிருக்கு எண்டு ஒருக்காப் பார்" என்று கவரை நீட்டுவார்கள். அதற்குள் டிடபிள்யூபி (பெனிஃபிட் என்ற உதவிக் காசைக் கொடுக்கும் அரச திணைக்களம்) அனுப்பிய மாற்ற அறிவித்தல், அதாவது பழைய பெனிஃபிட்டிலிருந்து யூனிவர்சல் கிரெடிட்டுக்கு மாறச் சொல்லும் கடிதம், இருந்தால், நீங்கள் முதலில் தேட வேண்டியது கடைசித் திகதியை. கடிதத் திகதியிலிருந்து மூன்று மாதம்தான் தருவார்கள். கடிதம் வந்துவிட்டது, இனி அவர்களே மாற்றிவிடுவார்கள் என்று நம்பி இருக்கும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய. அவர்கள் மாற்ற மாட்டார்கள். சம்பந்தப்பட்டவர்தான் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பிக்காவிட்டால் பழைய காசு நின்றுவிடும், அவ்வளவுதான்.

என்ன நடந்தது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2012இல் வந்த சமூக நலச் சீர்திருத்தச் சட்டம் ஆறு பழைய உதவிகளை ஒன்றாக்கியது: சைல்ட் டாக்ஸ் கிரெடிட் (பிள்ளைகளுக்கு), வேர்க்கிங் டாக்ஸ் கிரெடிட் (குறைந்த சம்பளக்காரருக்கு), ஹவுசிங் பெனிஃபிட் (வாடகைக்கு), இன்கம் சப்போர்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கு), வருமானத்தை வைத்துத் தரப்பட்ட ஜேஎஸ்ஏ (வேலை தேடுவோருக்கு), அதேபோன்ற இஎஸ்ஏ (நோயாளிகளுக்கு). இவற்றின் இடத்தில் வந்தது யூனிவர்சல் கிரெடிட். 2013இல் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ஆஷ்டன் அண்டர் லைன் என்ற ஊரில் தொடங்கி மெல்ல மெல்ல நாடு முழுக்கப் பரவியது. டாக்ஸ் கிரெடிட் 2025 ஏப்ரல் 5ஆம் திகதியுடன் முற்றாக முடிந்தது. நோயால் வேலை செய்ய முடியாதவர்கள் பெற்ற இஎஸ்ஏயை 2026 மார்ச் இறுதிக்குள் மாற்றி முடிப்பது என்று அரசு இலக்கு வைத்தது. சைல்ட் பெனிஃபிட், பிஐபி (மாற்றுத்திறனாளிகளுக்கான உதவி), கேரர்ஸ் அலவன்ஸ் (அவர்களைப் பராமரிப்பவர்களுக்கான உதவி) ஆகியவை இந்த மாற்றத்துக்குள் வராதவை. அவை தனித்தனியே தொடரும்.

மாமாவின் கடிதத்துக்கு வருமுன் உங்கள் விசாவைப் பாருங்கள். மாணவர் விசா, ஸ்கில்ட் வேர்க்கர் விசா, கணவனிடமோ மனைவியிடமோ வந்த ஸ்பவுஸ் விசா ஆகியவற்றில் பொதுவாக "நோ ரிகோர்ஸ் டு பப்ளிக் ஃபண்ட்ஸ்" (அரச உதவிக் காசு பெற முடியாது) என்ற நிபந்தனை இருக்கும். உங்கள் இ-விசா கணக்கில் அது எழுதப்பட்டிருக்கும். அந்த நிபந்தனை இருந்தால் யூனிவர்சல் கிரெடிட்டுக்கு நீங்கள் விண்ணப்பிக்கக் கூடாது. விண்ணப்பித்தால் அடுத்த விசாவே சிக்கலாகலாம். அகதி அந்தஸ்து கிடைத்தவர்கள் தாராளமாக விண்ணப்பிக்கலாம். கிடைத்த அன்றே விண்ணப்பியுங்கள். நேஷனல் இன்சூரன்ஸ் இலக்கம் இன்னும் வரவில்லை என்று காத்திருக்க வேண்டியதில்லை, அது இல்லாமலும் தொடங்கலாம்.

ஸ்பவுஸ் விசாவில் வந்தவர்களுக்கு ஒரு விசேட விஷயம். இங்கே ஏற்கெனவே உரிமையுள்ள உங்கள் துணை யூனிவர்சல் கிரெடிட் பெறலாம். ஆனால் அதைத் தனி ஆளுக்குரிய தொகையாகத்தான் தருவார்கள். உங்கள் பெயருக்கு எதுவும் சேராது. அதே நேரத்தில் உங்கள் சம்பளத்தையும் சேமிப்பையும் கணக்கில் எடுப்பார்கள். அதனால் நீங்கள் வந்து சேர்ந்ததையும் வேலை தொடங்கியதையும் உங்கள் துணை உடனே அறிவிக்க வேண்டும். மறைத்தால் பின்னால் கட்டச் சொல்லும் தொகை பெரிதாக இருக்கும்.

இனிக் கடிதம். அது வரும்வரை அவசரப்பட்டு விண்ணப்பிக்க வேண்டாம்; வந்த பிறகு தாமதிக்கவும் வேண்டாம். காரணம் இதுதான். பழைய தொகையைவிடப் புதிய தொகை குறைவாக வந்தால், அந்த வித்தியாசத்தை நிரப்ப மேலதிகமாக ஒரு தொகை தருவார்கள். இதை இடைக்காலப் பாதுகாப்பு என்று சொல்லலாம். கடிதம் கிடைத்து, குறித்த திகதிக்குள் விண்ணப்பித்தவர்களுக்குத்தான் அது. கடிதம் வராமலே சிலர் "எப்படியும் மாறத்தானே வேணும்" என்று தாமாகவே விண்ணப்பித்து, மாதம் நூற்றுக்கணக்கான பவுணை இழந்திருக்கிறார்கள். ஒருமுறை விண்ணப்பித்தால் பழையதற்குத் திரும்ப முடியாது. கடைசித் திகதிக்குள் முடியாது என்றால், அந்தத் திகதி வருமுன் 0800 169 0328க்கு அழைத்து நியாயமான காரணம் சொல்லி நேரம் கேட்கலாம். திகதி தவறிவிட்டாலும் அடுத்த ஒரு மாதத்துக்குள் விண்ணப்பித்தால் அந்தப் பாதுகாப்பு கிடைக்கும். அதற்குப் பிறகு கிடைக்காது. இந்த மேலதிகத் தொகை நிரந்தரமும் அல்ல. வாடகைக்கான தொகை கூடும்போதும், புதிதாகப் பிள்ளை பிறந்து தொகை கூடும்போதும், கூடிய அளவுக்கு இது கரையும். தம்பதியர் பிரிந்தாலோ தனியாக இருந்தவர் ஒருவருடன் சேர்ந்து வாழத் தொடங்கினாலோ பெரும்பாலும் நின்றுவிடும்.

விண்ணப்பம் இணையத்தில்தான். மின்னஞ்சல், கைபேசி, வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், எல்லோருடைய அடையாள ஆவணம் ஆகியவை கையில் இருக்கட்டும். இங்கே நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்று: கணக்கை மாமாவின் மின்னஞ்சலிலும் மாமாவின் கைபேசியிலும் திறவுங்கள். உங்களுடையதைக் கொடுக்காதீர்கள். நீங்கள் நாளைக்கு வேலை கிடைத்து லெஸ்டருக்கோ பேர்மிங்ஹாமுக்கோ போய்விடுவீர்கள். செய்திகளெல்லாம் அந்தக் கணக்கின் "ஜேர்னல்" என்ற பகுதிக்குத்தான் வரும். "செவ்வாய்க்கிழமை காலை 10.20க்கு வேர்க் கோச்சைச் சந்திக்கவும்" என்று அங்கே ஒரு வரி விழுந்திருக்கும் (வேர்க் கோச் என்பவர் ஜொப்சென்டர் என்ற அரச வேலைவாய்ப்பு அலுவலகத்தில் உங்களுக்குப் பொறுப்பான அலுவலர்). அதைப் பார்க்காமல் போகாது விட்டால் காசை வெட்டுவார்கள். பழைய முறையில் பழுப்புக் கவர் வரும், மேசையில் கிடக்கும், எப்போதாவது யாராவது வாசிப்பார்கள். இப்போது வாரம் இரண்டு முறையாவது ஜேர்னலைத் திறந்து பார்க்கும் பழக்கத்தை அவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். இந்த நாட்டில் முதியவர்களுக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவிகளில் இது ஒன்று.

முதல் காசு வர ஐந்து வாரம் ஆகும். 10ஆம் திகதி விண்ணப்பித்தால், அடுத்த மாதம் 9ஆம் திகதிவரை ஒரு கணிப்புக் காலம், அதாவது தொகையைக் கணக்கிடும் மாதம். காசு 16ஆம் திகதியளவில் வரும். ஹவுசிங் பெனிஃபிட், இன்கம் சப்போர்ட், ஜேஎஸ்ஏ, இஎஸ்ஏ பெற்றவர்களுக்கு அவை இன்னும் இரண்டு வாரம் தொடரும், அதைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. டாக்ஸ் கிரெடிட்டுக்கு அந்தச் சலுகை இருக்கவில்லை. இடையில் சமாளிக்க முடியாவிட்டால் முற்பணம் கேட்கலாம். அது கடன், 24 மாதங்களுக்குள் மாதாமாதம் கழிப்பார்கள். வட்டிக்குக் கைமாற்று வாங்குவதைவிட இது நூறு மடங்கு மேல், ஏனென்றால் இதற்கு வட்டி கிடையாது. பழைய டாக்ஸ் கிரெடிட்டில் கூடுதலாகக் கொடுத்துவிட்டோம் என்று சொல்லும் கடன் இருந்தால் அதுவும் இங்கே வந்து சேரும். 2025 ஏப்ரல் இறுதியிலிருந்து இப்படிக் கழிப்பவற்றுக்குப் பொதுவான உச்சவரம்பு அடிப்படைத் தொகையில் நூற்றுக்கு 15 ஆகக் குறைந்திருக்கிறது.

வேலை செய்கிறவர்களுக்குக் கணக்கு எப்படி ஓடுகிறது என்று ஒரு உதாரணம். சூப்பர் மார்க்கெட்டில் பகுதிநேரம் வேலை செய்யும் ஒரு தாய். பிள்ளைகள் உண்டு, வாடகைக்கும் யூனிவர்சல் கிரெடிட்டில் தொகை உண்டு. 2025–26இல் இப்படிப்பட்டவரின் சம்பளத்தில் முதல் 411 பவுணைத் தொட மாட்டார்கள். அதற்கு மேல் கையில் வரும் ஒவ்வொரு பவுணுக்கும் 55 பென்ஸ் குறைப்பார்கள். கையில் 1,100 பவுண் வந்தால் குறைவது 378.95 பவுண். சிக்கல் எங்கே என்றால், பல கடைகள் நான்கு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் போடுகின்றன. வருடத்துக்குப் பதின்மூன்று சம்பளம், பன்னிரண்டு கணிப்புக் காலம். ஆகவே வருடத்தில் ஒரு மாதம் இரண்டு சம்பளம் ஒன்றாக விழும். அந்த மாதம் குறைவது 983.95 பவுண். சிலருக்கு யூனிவர்சல் கிரெடிட்டே பூச்சியமாகி, கணக்கு மூடப்பட்டதாகச் செய்தி வரும். பயப்பட வேண்டாம், அடுத்த மாதம் அதே கணக்கில் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். அந்த மாதம் எது என்று சம்பளத் திகதிகளை வைத்து முன்கூட்டியே கலண்டரில் குறித்து வைத்தால், வாடகைக் காசை ஒதுக்கி வைக்கலாம். வாடகை இப்போது வீட்டுக்காரருக்கு நேரே போகாது, உங்கள் கைக்கே வரும் என்பதால் இது இன்னும் முக்கியம்.

டாக்ஸ் கிரெடிட் காலத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்த அம்மாக்களிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. இப்போது தம்பதியர் இருவருமே, வேலைக்காக என்னென்ன செய்வோம் என்ற ஓர் உடன்பாட்டில் ஒப்பமிட வேண்டும். கடைசிப் பிள்ளைக்கு மூன்று வயதாகிவிட்டால், வாரம் முப்பது மணிநேரம்வரை வேலை செய்யவோ வேலை தேடவோ எதிர்பார்ப்பார்கள். மொழி தெரியாத ஒருவரை ஜொப்சென்டரில் இருத்தி இதைப் பேசுவது அவருக்கு எவ்வளவு பதற்றம் என்று எனக்குத் தெரியும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று ஜேர்னலில் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். இலவசமாக ஒழுங்கு செய்வார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கூடம் மறித்துக் கூட்டிப் போக வேண்டியதில்லை. ஆங்கில வகுப்புக்குப் போவதையும் அந்த உடன்பாட்டில் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

நம்மவர்கள் அதிகம் அடிபடும் இடம் சேமிப்பு. டாக்ஸ் கிரெடிட்டில் சேமிப்புக்கு வரம்பே இருக்கவில்லை. யூனிவர்சல் கிரெடிட்டில் 16,000 பவுணுக்கு மேல் இருந்தால் எதுவும் கிடையாது. 6,000க்கும் 16,000க்கும் இடையில், மேலதிகமான ஒவ்வொரு 250 பவுணுக்கும் மாதம் 4.35 பவுண் வருமானம் வருகிறது என்று கருதிக் குறைப்பார்கள். கடிதம் வந்து டாக்ஸ் கிரெடிட்டிலிருந்து மாறியவர்களுக்கு மட்டும், 16,000க்கு மேற்பட்ட தொகையைப் பன்னிரண்டு கணிப்புக் காலத்துக்குக் கண்டுகொள்ள மாட்டார்கள். இடையில் சேமிப்பு 16,000க்குக் கீழே இறங்கிவிட்டால் அந்தச் சலுகையும் போய்விடும்.

சேமிப்பு என்றால் வங்கிக் காசு மட்டும் அல்ல. யாழ்ப்பாணத்தில் உங்கள் பெயரில் உள்ள காணியும் வீடும் கணக்கில் வரும், விற்பனைச் செலவுக்காக நூற்றுக்கு பத்தைக் கழித்துத்தான் பெறுமதி பார்ப்பார்கள். ஓய்வூதிய வயதைத் தாண்டிய அம்மா அப்பா அந்த வீட்டில் வசித்தால் அதைக் கணக்கில் எடுக்காமல் விடும் விதி ஒன்று உண்டு. ஆகவே மறைக்காமல் சொல்லி, அந்த விதியைக் கேட்டு வாங்குங்கள். சீட்டுக் கழித்த காசு வங்கியில் விழுந்தால் அது உங்கள் சேமிப்பாகத்தான் முதலில் தெரியும். வங்கிக் கணக்கு விபரம் கேட்கும்போது விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்; சீட்டுக் கொப்பியைப் பத்திரமாக வைத்திருங்கள். பெனிஃபிட் கிடைக்க வேண்டும் என்பதற்காகக் காணியைத் தங்கையின் பெயருக்கு மாற்றுவதும் காசை ஊருக்கு அனுப்பிவிடுவதும் பயன் தராது. அது இன்னும் உங்களிடம் இருப்பதாகவே கருதுவார்கள்.

ஊருக்குப் போவதிலும் கவனம். டாக்ஸ் கிரெடிட்டில் எட்டு வாரம்வரை வெளிநாட்டில் நிற்க முடிந்தது. அதனால் கோடை விடுமுறை முழுவதும் பிள்ளைகளுடன் ஊரில் நின்றுவிட்டு வருவது வழக்கமாக இருந்தது. இப்போது ஒரு மாதம்தான். நெருங்கிய உறவு இறந்து, திரும்பி வர முடியாத நிலை இருந்தால் மேலும் ஒரு மாதம் கிடைக்கலாம். ஆறு வாரத்துக்கு ரிக்கெட் போட்டுவிட்டு, ஒரு மாதத்தைத் தாண்டியதும் நிற்பாட்டட்டும் என்று நினைக்காதீர்கள். போகும்போதே ஒரு மாதத்துக்கு மேல் நிற்கும் திட்டம் இருந்தால் முதல் நாளிலிருந்தே உரிமை இல்லாமல் போகும். புறப்படுமுன் ஜேர்னலில் எழுதுங்கள்.

கவுன்சில் டாக்ஸ் (உள்ளூராட்சி வரி) கழிவு யூனிவர்சல் கிரெடிட்டோடு வராது. முன்பு ஹவுசிங் பெனிஃபிட்டுக்கு எழுதும்போது பெரும்பாலும் அதுவும் சேர்ந்தே நடந்தது. இப்போது உங்கள் கவுன்சிலிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அதே வாரத்தில். இங்கிலாந்தில் மருந்துச் சீட்டிலும் கவனம்: யூனிவர்சல் கிரெடிட் என்ற பெட்டியில் அடையாளம் போட்டாலே இலவசம் ஆகிவிடாது, சம்பள வரம்பு இருக்கிறது. பிள்ளைகளுக்கான தொகை பெறுபவர்களுக்கு அது மாதம் 935 பவுண், மற்றப் பெரும்பாலானவர்களுக்கு 435. தவறாகப் போட்டால் 100 பவுண்வரை தண்டம்.

கணவன் ஓய்வூதிய வயதைத் தாண்டி மனைவிக்கு 58 என்றால்? 2019 மே 15க்குப் பிறகு, ஒருவர் மட்டும் ஓய்வூதிய வயதைத் தாண்டிய தம்பதியர் பொதுவாகப் புதிதாகப் பென்ஷன் கிரெடிட் (வருமானம் குறைந்த முதியவர்களுக்கான உதவி) கேட்க முடியாது, யூனிவர்சல் கிரெடிட்தான். ஏற்கெனவே பென்ஷன் கிரெடிட் பெறுபவர்கள் அதை எக்காரணம் கொண்டும் கைவிட வேண்டாம். இருவரும் அந்த வயதைத் தாண்டிவிட்டால் பென்ஷன் கிரெடிட்டுக்கே போகலாம்.

விண்ணப்பம் எழுதக் காசு கேட்பவர்களிடம் போகாதீர்கள். சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை அமைப்பு நடத்தும் "ஹெல்ப் டு கிளெய்ம்" (விண்ணப்பிக்க உதவி) சேவை இலவசம். இங்கிலாந்தில் 0800 144 8444. முதல் கொடுப்பனவு வரும்வரை கூட நிற்பார்கள். அந்த முதல் கொடுப்பனவு வந்ததும் கணக்கில் உள்ள விபரப் பட்டியலை வரிக்கு வரி பாருங்கள்: எல்லாப் பிள்ளைகளும் இருக்கிறார்களா, வாடகை சரியா, இடைக்கால மேலதிகத் தொகை சேர்ந்திருக்கிறதா. பிழை இருந்தால் முடிவு வந்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். ஜேர்னலில் எழுதினாலே போதும். "எனது இடைக்கால மேலதிகத் தொகை சேர்க்கப்படவில்லை, முடிவை மறுபரிசீலனை செய்யவும்" என்று எழுதி, பழைய தொகையைக் காட்டும் கடிதத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய டாக்ஸ் கிரெடிட், ஹவுசிங் பெனிஃபிட் கடிதங்களில் ஒன்றைக்கூட இப்போதைக்கு எறிய வேண்டாம்.